பத்து எண்ணுகிற வரைக்கும்

இடுப்பு இரண்டாகப் பிளந்துவிடும் போலிருந்தது மேஸ்திரிக்கு. காலையிலிருந்து இரண்டு லாரி சிமெண்ட் இறக்கியாகிவிட்டது. மூன்றாவது லாரி பாதியில் நிற்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து போன். இப்போது தலைமையாசிரியை அறைக்கு வெளியே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில், முழங்கால் தாடையை இடிக்கிற மாதிரி மடங்கி உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்தால் வலித்தது. குனிந்தால் இன்னும் வலித்தது.

அந்தப் பக்கமாகப் போன டீச்சர் ஒருத்தி அவன் தலையிலும் புருவத்திலும் இருந்த தூசியைப் பார்த்துவிட்டு, "வெள்ளையடிக்க வந்தவங்களா? பின்பக்கம் போங்க" என்றாள்.

"இல்லைங்க. பொண்ணு விஷயமா வரச் சொன்னாங்க."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாகப் போய்விட்டாள்.

போனில் சொன்னது இவ்வளவுதான்: உங்கள் மகளால் இன்னொரு பெண்ணுக்குக் கை உடைந்திருக்கிறது, உடனே வாங்க. கேட்டதும் அவன் மனசுக்குள் முதலில் வந்தது கவலை இல்லை. எம் பொண்ணு அடி வாங்கிக்கிட்டு வரலையே என்கிற நிம்மதி. கொஞ்சம் பெருமையும்தான். சிமெண்ட் கிடங்கிலிருந்து கிளம்பும்போது ஆட்களிடம், "எம் பொண்ணு யாரையோ உடைச்சுட்டாளாம்டா" என்று வேறு சொல்லிவிட்டு வந்தான். "மேஸ்திரி ரத்தம்னா சும்மாவா!" என்று டப்பா என்கிறவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான்.

அப்படிச் சிரித்தவர்களில் புதுசு இல்லை. புதுசு என்பது அவர்கள் கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்த ஆளுக்கு வைத்த பேர். சேர்ந்து ஐந்து மாதம் ஆகியும் புதுசுதான். அவன் பதினோரு மணிக்கே மேஸ்திரியிடம் வந்து, "அண்ணே, பாப்பா ஸ்கூல்ல விழுந்துட்டாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "லாரி பாதியில நிக்குது, இப்பத்தானா விழணும் உம் பொண்ணுக்கு?" என்று முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் மேஸ்திரி அனுப்பினான்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூட வாசலில் புதுசு தன் மகளைக் கூட்டிக்கொண்டு நுழைவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தப் பெண் குச்சி மாதிரி இருந்தாள். இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. அதன் வெள்ளை இன்னும் ஈரம் காயாமல் இருந்தது.

"அண்ணே, நீங்களா?" என்றான் புதுசு. கேட்ட அடுத்த நொடியே அவனுக்கும் விளங்கிவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு, பழக்கதோஷத்தில், சிரித்தான்.

*

அறைக்குள் ஆறு பேர். தலைமையாசிரியை மேஜைக்குப் பின்னால். பக்கத்தில் பேச்சு டீச்சர். அவர் பாடம் எதுவும் நடத்துவதில்லை. மனசு சரியில்லாத பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசுவார், பேச வைப்பார், அதனால் பிள்ளைகளே வைத்த பேர் அது. சுவரோரமாக மேஸ்திரியின் மகள் நின்றிருந்தாள். பதினோரு வயது. அப்பா வந்ததும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தலைமையாசிரியை ஒரு தாளை எடுத்து, நடந்ததை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

காலை இடைவேளையில் மாடிப்படித் திருப்பத்தில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக நின்றிருக்கிறார்கள். நடுவில் புதுசின் மகள். அவள் முதுகில் ஒரு புத்தகப் பை, அதற்கு மேல் இன்னொன்று, மார்புப் பக்கம் ஒன்று, இரண்டு தோளிலும் ஒவ்வொன்று. "பத்து எண்ணுற வரைக்கும் நில்லு. நின்னுட்டா உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். விழுந்துட்டா நாங்க வைக்கிறதுதான் பேர்" என்று மேஸ்திரியின் மகள் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் எண்ணியிருக்கிறார்கள். ஏழு வரை வேகமாக. எட்டை மட்டும் இழுத்து, இழுத்து, இழுத்து. அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கால் மடங்கி, பைகளோடு ஐந்து படி உருண்டிருக்கிறாள்.

மேஸ்திரிக்குக் காது அடைத்துக்கொண்டது. படிக்கிற குரல் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

அது கிடங்கு விளையாட்டு. அவனுடைய விளையாட்டு. புது ஆள் வேலைக்கு வந்த முதல் நாள், முதுகில் இரண்டு மூட்டை ஏற்றி, அதன் மேல் மூன்றாவதையும் வைப்பார்கள். சுற்றி நின்று பத்து எண்ணுவார்கள். தாங்கி நின்றால் சொந்தப் பேர், உட்கார்ந்துவிட்டால் கூட்டம் வைக்கிற பேர். ஏழு வரைக்கும் எண்ணிக்கை ஓடும். எட்டில் இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள். எத்தனை பெரிய பயில்வானாக இருந்தாலும் அந்த எட்டிலோ ஒன்பதிலோ மண்ணைக் கவ்வியாக வேண்டும். பத்து என்ற சொல்லை அந்தக் கிடங்கில் யாரும் கேட்டதே கிடையாது. அதனால்தான் அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. டப்பா, அரைமூட்டை, நொண்டி, புதுசு. மேஸ்திரிக்கும் முதலில் ஏழு என்றுதான் பேர். ஒன்பது வருஷம் ஏழு. அப்படிக் கூப்பிட்ட பழைய ஆட்கள் எல்லாம் இடுப்பு போய் வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான் மேஸ்திரி ஆனான்.

தன்னை ஏழு என்று கூப்பிட்ட கதையை அவன் வீட்டில் சொன்னதில்லை. புதுசு விழுந்த கதையைச் சொன்னான். சாப்பிட்டுக்கொண்டே, கையை ஆட்டி ஆட்டி, புதுசு மாதிரி முழியைப் பிதுக்கிக் காட்டி, "மூணு எண்ணலை, பொத்துன்னு உக்காந்துட்டான்!" என்று சொன்னான். மகள் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. அதற்காகவே மறுநாளும் ஒருமுறை சொன்னான்.

"இதை எங்க கத்துக்கிட்ட?" என்று தலைமையாசிரியை மகளிடம் கேட்டார்.

மகள் ஒரே ஒரு தடவை அப்பாவைப் பார்த்தாள். கண் சிமிட்டுகிற நேரம்தான். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"நீயாவா? வேற யாரும் சொல்லித்தரலையா?"

"இல்லை டீச்சர்."

தலைமையாசிரியை எழுதிக்கொண்டார். பேனா தாளில் கீறுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி வாயைத் திறந்தான். மறுபடி மூடிக்கொண்டான். திரும்பிப் பார்த்தால் புதுசு இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று மூட்டையோடு நின்றவனுக்கு அது யார் கண்டுபிடித்தது என்று தெரியாதா? மேஸ்திரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று இருபது.

புதுசுதான் பேசினான். "சின்னப் புள்ளைங்க விளையாட்டு தானே டீச்சர். விட்டுடுங்க."

"கை உடைஞ்சிருக்குங்க" என்றார் பேச்சு டீச்சர்.

"அது கூடிடும் டீச்சர். அண்ணன் எங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க. அவங்க கீழதான் வேலை பார்க்கிறேன். பெருசு பண்ண வேண்டாம்." சொல்லிவிட்டுச் சிரித்தான். கிடங்கில் மூட்டையோடு விழுந்து எழுந்து சிரித்த அதே சிரிப்பு. பக்கத்தில் மாவுக்கட்டோடு நின்ற அவன் மகள், அப்பாவின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

மேஸ்திரிக்கு அந்த நிமிஷம் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது என்று உள்ளே ஒரு மூலை நிம்மதியாக மூச்சு விட்டதையும் அவன் கவனித்தான். தன்னைப் பற்றி அவ்வளவு கேவலமாக அவன் அதுவரை நினைத்ததில்லை.

மேஸ்திரியின் மகள் இரண்டு வாரம் வகுப்புக்கு வரக் கூடாது என்று முடிவானது. அந்த இரண்டு வாரமும், அதற்குப் பிறகும், வாரம் இரண்டு நாள் பேச்சு டீச்சரிடம் மட்டும் வர வேண்டும். அதற்கு அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

புதுசும் மகளும் போன பிறகு பேச்சு டீச்சர் ஒரு கோப்பைத் திறந்து, பழைய தாள் ஒன்றை அவன் பக்கம் திருப்பி வைத்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. அவனே படித்தான். அவன் கையெழுத்துதான். கோணல்மாணலாக, அழுத்தி எழுதியிருந்தது. "என் மகளுக்குப் பைத்தியம் இல்லை."

இரண்டு வருஷத்துக்கு முன்னால். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் மகள் பாவாடையை நனைத்துவிட்டாள். அன்றிலிருந்து வகுப்பு முழுக்க அவளைக் குழாய் என்று கூப்பிட்டது. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதாள். தூக்கத்தில் உளறினாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண். அப்போதுதான் பேச்சு டீச்சர் இந்தத் தாளைக் கொடுத்தனுப்பினார், வாரம் ஒரு மணி நேரம் என்னோடு உட்காரட்டும் என்று. அவனுக்குக் கோபம் வந்தது. எம் பொண்ணு என்ன லூசா? தாளில் எழுதித் திருப்பியனுப்பினான். மகளைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த மருந்தைச் சொன்னான். "அவளுங்க ஒரு பேர் வச்சா நீ ரெண்டு வை. அழுதா இன்னும் ஏறுவாளுங்க. எவ முதல்ல வாயைத் தொறக்கிறாளோ அவ மூக்கு மேலயே போடு."

மருந்து வேலை செய்தது. ஆறே மாதத்தில் குழாய் என்று கூப்பிட ஆளில்லை. வகுப்பில் எல்லோருக்கும் மகள்தான் பேர் வைத்தாள். அவன் கிடங்கில் போய்ப் பீற்றிக்கொண்டான். நகம் கடிப்பதை மட்டும் அவள் விடவில்லை. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப புத்தியில்லாம எழுதிட்டேன் டீச்சர்" என்றான்.

"இப்ப கையெழுத்துப் போடுங்க. பரவாயில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். லேட்டுதான். ரெண்டு வருஷம் லேட்டு. ஆனாலும் போடுங்க."

போட்டான். பேர் தாளின் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

*

மனைவி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலையில் இருந்தாள். வீட்டுக்கு வரும்போது அவள் விரலெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கி வெளுத்துக் கிடக்கும். அந்தக் கையோடே மகள் முன்னால் உட்கார்ந்து கேட்டாள். மகள் நகத்தைக் கடித்தாள். மனைவி அவன் பக்கம் திரும்பினாள்.

"ஸ்கூல்ல பத்து எண்ணினாங்களாமே, அது என்ன?"

"என்னமோ பசங்க விளையாட்டு."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதோ இந்த இடத்துல உக்காந்து நீ சிரிச்சுச் சிரிச்சுச் சொன்ன கதை தானே அது? நானும் இங்கதான் இருந்தேன். எங்கிட்டயே மறைக்கிறியா?"

அவன் சட்டைத் தூசியைத் தட்டினான்.

"ஸ்கூல்ல சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"அவ சொன்னாளா?"

"நானாக் கண்டுபிடிச்சேன்னு சொல்லிட்டா."

மனைவி எழுந்துகொண்டாள். "அவ உன்னைக் காட்டிக் குடுக்கலை. நீ அவளைக் காட்டிக் குடுத்துட்டு வந்திருக்க. ரொம்ப நல்லா இருக்கு." அதற்கு மேல் சொல்லவில்லை. கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் முகத்தைக் கழுவப் போய்விட்டாள்.

பொழுது சாய்வதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு புதுசு வீட்டுக்குக் கிளம்பினான். டயர் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போக வேண்டிய ஒற்றை அறை. கதவைத் திறந்ததும் புதுசு பதறிப்போனான். இருந்த ஒரே நாற்காலியைத் தோள் துண்டால் துடைத்துப் போட்டான்.

"எதுக்கண்ணே நீங்க போய்... உக்காருங்க, உக்காருங்க."

"உக்கார வரலை. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அதெல்லாம் விடுங்கண்ணே. முடிஞ்சுது."

"பேச விடுடா." கிடங்குக் குரல் வந்துவிட்டது. அதைக் கேட்டு அவனே கூசிப்போனான். மறுபடி, மெதுவாக, "பேச விடுப்பா. அது எம் பொண்ணு கண்டுபிடிச்சது இல்லை. நான் சொன்னது. உன்னைப் பத்தி நக்கலடிச்சு நான் சொன்ன கதை. தப்பு என்னோடது. உன் பொண்ணு கை உடைஞ்சதுக்கு நான்தான் காரணம்" என்றான்.

புதுசு துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றான். உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவன் மகள் எழுந்து வந்தாள். மேஸ்திரியின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"எங்கப்பா எத்தனை வரைக்கும் நின்னாங்க?"

"ஏய், சும்மா இரு பாப்பா" என்றான் புதுசு.

"எல்லாரும் மூணு, மூணுன்னு கூப்பிடுறாங்க. உங்கப்பன் மூணு, நீ எத்தனைன்னு கேட்டுத்தான் பையை ஏத்தினாங்க. நிஜமாவே மூணுதானா?"

அதற்குத்தான் அவள் நின்றிருக்கிறாள். ஐந்து பையைச் சுமந்துகொண்டு, மாடிப்படியில், அப்பனுக்காக. மேஸ்திரி அவள் உயரத்துக்குக் குனிந்தான்.

"ஒன்பதும்மா" என்றான். "ஒன்பது வரைக்கும் நின்னாரு உங்கப்பா. அந்தக் கிடங்குல இதுவரைக்கும் யாரும் அத்தனை நின்னதில்லை. ஒன்பதை நாங்க இழுத்த இழுப்புக்கு லாரியே உக்காந்திருக்கும். நான் சேர்ந்தப்ப ஏழுலயே உக்காந்துட்டேன். எம் பேரே ஏழுதான், ரொம்ப வருஷம்."

பக்கத்தில் மகள் தலையைத் தூக்கினாள்.

"அப்ப ஏன்ப்பா மூணுன்னு சொன்னே?"

"நீ சிரிக்கணும்னு."

கீழே டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடி நின்றது. புதுசு மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "ஒன்பதா?" என்றான். "காதெல்லாம் அடைச்சுப்போச்சுண்ணே அன்னிக்கு. ஒண்ணும் கேக்கலை. நீங்கல்லாம் மூணுன்னு சிரிச்சீங்க. மூணுதான் போலன்னு நானும் இருந்துட்டேன்."

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. அதுவே மேஸ்திரிக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

மேஸ்திரியின் மகள் முன்னால் ஓர் அடி வைத்தாள். "சாரி" என்றாள், காற்றோடு கலந்து போகிற குரலில்.

புதுசின் மகள் மாவுக்கட்டை மறு கையால் தாங்கிக்கொண்டு, "எனக்கு உன்னைப் பிடிக்கலை" என்றாள்.

"சரி" என்றாள் இவள்.

"நான் பேச மாட்டேன்."

"சரி."

அவ்வளவுதான். கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, கை கொடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் மறுபடி போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி மகளோடு இரும்புப் படியில் இறங்கினான். ஒவ்வொரு படிக்கும் இடுப்பில் ஊசி குத்தியது.

தெருவில் கொஞ்ச தூரம் போனதும் மகள் கேட்டாள். "இங்க சொன்னதை ஏன்ப்பா ஸ்கூல்ல சொல்லலை?"

"பயந்துட்டேன்."

"பெரிய டீச்சரைப் பார்த்தா?"

"எல்லாரையும் பார்த்து."

அவள் விரலை வாய்க்குக் கொண்டுபோனாள், பிறகு எடுத்துவிட்டாள். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள். "மூணாம் கிளாஸ்லேர்ந்தே."

அவளை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவள் வயசு அதைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் நடந்தான். "திங்கக்கிழமை ஸ்கூல்ல வந்து சொல்லிடுறேன்" என்றான்.

திங்கட்கிழமை கிடங்கில் புதுசை அவன் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். வேலை ஒரு கணம் அப்படியே நின்றது. "யாருப்பா அது, புது ஆளா?" என்று டப்பா கேட்க, கூட்டமே சிரித்தது. "பத்து எண்ணுறது இனிமே கிடையாது. எண்ணுறவன் வேற கிடங்கு பார்த்துக்கலாம்" என்றான் மேஸ்திரி. "மேஸ்திரிக்கு என்னாச்சு, காய்ச்சலா?" என்றான் அரைமூட்டை. புதுசு மட்டும் ஒன்றும் சொல்லாமல் குனிந்து மூட்டை தூக்கினான். அன்று நாலு லாரி. பள்ளிக்கூடம் போக முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பேச்சு டீச்சரிடம் மகளைக் கொண்டுபோய் விட்டான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் இருந்தது. எதிரிலேயே தலைமையாசிரியை அறை. கதவு திறந்துதான் இருந்தது. வாசல் வரை போனான். உள்ளே யாரோ இரண்டு பேர் சட்டை கசங்காமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றான். அவர்கள் போனார்கள். தலைமையாசிரியை நிமிர்ந்து, "என்னங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான்.

மகள் வெளியே வந்ததும் அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்கவில்லை. தெரிந்துகொண்டாள்.

பள்ளிக்கூடப் பதிவேட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது: விளையாட்டைத் தானே கண்டுபிடித்ததாக மாணவி ஒப்புக்கொண்டாள். அதற்குக் கீழே, சொல்லிக்கொடுத்தது நான் என்று எழுதி அவன் கையெழுத்துப் போட வேண்டும். மகளுக்கு அவன் பட்ட கடன் அது. இன்னும் தீர்க்கவில்லை.